பனிக்கட்டி மதுக்கூடம்

பனிக்கட்டி மதுக்கூடம் என்பது சுவர்கள், பரிமாறும் மேடை, இருக்கைகள், அருந்தும் குவளைகள் ஆகியன பெரும்பாலும் பனிக்கட்டியால் செய்யப்பட்ட ஒரு வகை மதுக்கூடம் ஆகும். பேச்சு வழக்கில் இது ஐஸ் பார் எனவும் அழைக்கப்படுகிறது. இக்கூடங்களின் உள்வெப்பநிலை பொதுவாக −5 பாகை செல்சியசு அளவில் வைக்கப்படுகிறது. வடக்குச் சுவீடனில் தோன்றிய இவ்வடிவம் 2000களில் உலகின் பல நகரங்களுக்கும் பரவி, வெளிநாட்டுப் பயணிகள் விரும்பிச் செல்லும் இடங்களுள் ஒன்றாயிற்று.

வழக்கமான மதுக்கூடத்தில் விருந்தினர் அமர்ந்து அருந்துபவர் மட்டுமே. பனிக்கட்டி மதுக்கூடத்திலோ அவரது உடல்வெப்பமும் மூச்சும் கூடத்தின் பொருட்களைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டிருக்கின்றன. எனவே இங்குக் கடைப்பிடிக்கப்படும் விதிகள் பலவும் இரு நோக்கங்களைக் கொண்டவை. ஒன்று பனிக்கட்டியை மனிதரிடமிருந்து காப்பது. மற்றொன்று மனிதரைக் குளிரிடமிருந்து காப்பது.

வரலாறு

முன்னோடிகள்

பனிக்கட்டியால் கட்டடம் எழுப்பும் வழக்கம் மதுக்கூடங்களுக்கு மிகவும் முற்பட்டது. உருசியப் பேரரசி அன்னா இவானோவ்னாவின் ஆணைப்படி, 1739-1740 குளிர்காலத்தில் சென் பீட்டர்சுபர்க்கு நகரில் ஒரு பனிக்கட்டி மாளிகை கட்டப்பட்டது. அதனுள் கட்டில், மேசை, பாத்திரங்கள் ஆகியனவும் பனிக்கட்டியாலேயே செய்யப்பட்டிருந்தன. அரசவையில் கோமாளியாக்கப்பட்டிருந்த கோலித்சின் என்னும் பிரபுவுக்குக் கட்டாயத் திருமணம் செய்துவைத்த பேரரசி, மணமக்களை ஓர் இரவு முழுவதும் அம்மாளிகையில் தங்கவைத்தார். அவர்கள் உயிர் தப்பினர். பனிக்கட்டி அறையில் தங்குவது இன்று கட்டணம் செலுத்திப் பெறும் பொழுதுபோக்காக உள்ளது. அன்று அது ஒரு தண்டனையாக இருந்தது.

இயற்கைப் பனிக்கட்டியை வெப்ப நாடுகளுக்குக் கொண்டுசெல்வதும் 19 ஆம் நூற்றாண்டிலேயே நடைபெற்றது. அமெரிக்க வணிகரான பிரெடரிக் தூடர், பாசுடன் பகுதியின் ஏரிகளிலும் குளங்களிலும் வெட்டியெடுத்த பனிக்கட்டியை மரத்தூள் போன்ற வெப்பக் காப்புப் பொருட்களால் பொதிந்து கப்பல்களில் அனுப்பினார். 1833 ஆம் ஆண்டு கல்கத்தாவுக்குச் சென்ற முதல் கப்பலில் சுமார் 180 டன் பனிக்கட்டி ஏற்றப்பட்டது. ஏறத்தாழ நான்கு மாதப் பயணத்துக்குப் பின் சுமார் 100 டன் கரையாமல் எஞ்சியது. இவ்வாணிகத்தின் தொடர்ச்சியாகச் சென்னைக் கடற்கரையில் 1842 ஆம் ஆண்டளவில் ஒரு பனிக்கட்டிச் சேமிப்பகம் கட்டப்பட்டது. இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் அக்கட்டடத்தைச் சூழ்ந்த பகுதிக்கு ஐஸ் ஹவுஸ் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. போதிய அளவு பெரிய பனிக்கட்டித் திரளைத் தக்க காப்புடன் வைத்தால் வெப்ப நாட்டிலும் நெடுநாள் காக்கலாம் என்பதை இவ்வணிகம் காட்டியது.

சுவீடனில் தோற்றம்

சுவீடனின் வட கோடியில், கிருணா நகரிலிருந்து சுமார் 17 கிலோமீட்டர் தொலைவில், தோர்னே ஆற்றங்கரையில் யுக்காசியார்வி என்னும் சிற்றூர் உள்ளது. இது ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே அமைந்துள்ளது. கோடையில் மட்டும் சுற்றுலாப் பயணிகளைப் பெற்றுவந்த இவ்வூரில், குளிர்காலத்தின் இருளையும் உறைபனியையுமே ஒரு கவர்ச்சியாக மாற்றலாம் என்ற எண்ணம் 1980களின் இறுதியில் உருவானது. 1989-1990 குளிர்காலத்தில் இங்குப் பனிக்குடில் வடிவில் ஒரு கலைக்கூடம் அமைக்கப்பட்டது. கண்காட்சிக்கு வந்தவர்களுள் சிலர் கலைமான் தோல்களின்மீது உறங்குபைகளை விரித்து அதனுள்ளேயே இரவைக் கழித்தனர். இதுவே பனிக்கட்டி விடுதி வளர்வதற்குத் தொடக்கமாயிற்று. அவ்விடுதி வேனிலில் உருகி ஆற்றில் கலந்துவிடும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் புதிய வடிவமைப்புடன் மீண்டும் கட்டப்படும்.

இவ்விடுதியின் ஒரு பகுதியாக உருவான மதுக்கூடம், 1990களில் ஒரு சுவீடிய வோட்கா நிறுவனத்தின் ஆதரவைப் பெற்றது. பனிக்கட்டிக் குவளையில் வண்ணப் பானத்தை ஊற்றித் தரும் வழக்கம் இக்கூடத்தின் வழியாகவே பலருக்கும் அறிமுகமாயிற்று.

நகரங்களுக்குப் பரவல்

2002 ஆம் ஆண்டு சுவீடனின் தலைநகரான இசுடாக்கோமில், ஒரு விடுதியின் உள்ளே ஆண்டு முழுவதும் இயங்கும் பனிக்கட்டி மதுக்கூடம் திறக்கப்பட்டது. பருவத்தோடு உருகிவிடாத நிலையான பனிக்கட்டி மதுக்கூடங்களுக்கு இது முன்மாதிரியானது. 2005 இல் இலண்டனில் திறக்கப்பட்ட கூடத்துக்கும் தோர்னே ஆற்றின் பனிக்கட்டியே கொண்டுவரப்பட்டது. பின்னர் நியூசிலாந்து, அமெரிக்க ஐக்கிய நாடுகள் முதலிய நாடுகளிலும் இத்தகைய கூடங்கள் தோன்றின. பாலைவனச் சூழலில் அமைந்த லாசு வேகசு நகரிலும் ஒரு கூடம் திறக்கப்பட்டது. துபாயில் 2007 இல் திறக்கப்பட்ட கூடம் மது வழங்காமல், பழச்சாறுகளையும் சூடான சாக்லேட்டுப் பானத்தையும் வழங்கியது. இதனால் இவ்விடங்களின் கவர்ச்சிக்கு மதுவைவிடப் பனிக்கட்டியே முதன்மையான காரணம் எனலாம்.

பனிக்கட்டி பெறப்படும் முறை

யுக்காசியார்வியில் பனிக்கட்டி அறுவடை மார்ச்சு மாத அளவில் நடைபெறுகிறது. அப்போது ஆற்றின் மேற்பரப்பில் உறைந்த அடுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் தடிப்பு அடைந்திருக்கும். சிறப்பு இயந்திர வாள்களால் அது பெரும் பாளங்களாக அறுக்கப்பட்டு, பளுதூக்கிகளால் வெளியே எடுக்கப்படுகிறது. ஒரு பாளம் ஒன்று முதல் இரண்டு டன் வரை எடை கொண்டது. அறுவடை செய்த பனிக்கட்டி கோடை முழுவதும் குளிர்ச் சேமிப்பகத்தில் வைக்கப்பட்டு, அடுத்த குளிர்காலக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தப்படுகிறது.

ஆற்றுப் பனிக்கட்டி கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதற்கு அது உறையும் விதமே காரணம். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த நீர் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் உறைகிறது. நீரில் கரைந்திருந்த காற்று வெளியேற வழியின்றி நடுவில் நுண்குமிழிகளாகச் சிக்கிக்கொள்கிறது. ஒளி இக்குமிழிகளில் பட்டுச் சிதறுவதால் கட்டியின் நடுப்பகுதி வெண்மையாகத் தெரிகிறது. ஆறு மேலிருந்து கீழ்நோக்கி ஒரே திசையில் மெதுவாக உறைகிறது. உறையும் முகப்பு, கரைந்த காற்றையும் மாசுகளையும் கீழே உள்ள நீருக்குத் தள்ளிவிடுகிறது. அடியில் ஓடும் நீர் அவற்றை அகற்றிவிடுகிறது. இதே கொள்கையைப் பின்பற்றி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் குளிர்வித்து நீரை அசைத்துக்கொண்டே இருந்து, தொழிற்சாலைகளிலும் தெளிந்த பனிக்கட்டி செய்யப்படுகிறது.

சுவர்களும் வளைவுகளும் முழுவதும் தெளிந்த பனிக்கட்டியால் கட்டப்படுவதில்லை. பனித்தூளும் பனிக்கட்டியும் கலந்த ஒரு கலவை, சுவீடிய விடுதியில் கட்டுமானப் பொருளாகப் பயன்படுகிறது. இதனை எஃகு அச்சுகளின்மீது தெளித்து, இறுகிய பின் அச்சுகளை அகற்றுவர். இக்கலவையில் காற்று மிகுதியாக உள்ளதால் இது நல்ல வெப்பக் காப்பாகவும் விளங்குகிறது. தெளிந்த பாளங்கள் தூண்கள், சிற்பங்கள், மேசைகள், குவளைகள் ஆகியவற்றுக்குப் பயன்படுகின்றன.

அமைப்பும் குளிரூட்டலும்

நகரங்களில் உள்ள பனிக்கட்டி மதுக்கூடம், அடிப்படையில் மக்கள் நுழையக்கூடிய ஒரு பெரிய உறைபதன அறையே ஆகும். வெளிச்சுவரும் தரையும் கூரையும் தடித்த வெப்பக் காப்புப் பலகைகளால் ஆனவை. பனிக்கட்டிச் சுவர் அவற்றின் உட்புறத்தில் எழுப்பப்படுகிறது.

நுழைவாயிலில் இரு கதவுகளுடன் கூடிய இடைவழி அறை ஒன்று இருக்கும். முதல் கதவு மூடிய பின்னரே இரண்டாவது கதவு திறக்கப்படும். வெளிக்காற்றின் வெப்பத்தைவிட அதன் ஈரப்பதமே பெரிய இடராகும். ஈரக்காற்று உள்ளே நுழைந்தால் அதிலுள்ள நீராவி பனிக்கட்டியின்மீது வெண்துகள்களாகப் படிந்து அதன் தெளிவைக் கெடுக்கும். குளிரூட்டும் ஆவியாக்கிச் சுருள்களின்மீதும் அது உறைந்து, அவற்றின் செயல்திறனைக் குறைக்கும்.

குளிரூட்டியின் விசிறி வீசும் காற்று வறண்டது. அக்காற்று தொடர்ந்து படும் இடங்களில் பனிக்கட்டி உருகாமலேயே நேரடியாக ஆவியாகிறது. பதங்கமாதல் எனப்படும் இந்நிகழ்வினால், ஆளே இல்லாத கூடத்திலும் சிற்பங்களின் கூர்முனைகள் மெல்ல மழுங்குகின்றன. எனவே நிலையான கூடங்களிலும் பனிக்கட்டியைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மாற்றியோ மீண்டும் செதுக்கியோ ஆகவேண்டும்.

ஒளியமைப்புக்கு ஒளி உமிழ் இருமுனைய விளக்குகள் பொருத்தமானவை. பழைய இழை விளக்குகள் பெற்ற மின்னாற்றலின் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராகவே வெளியிடுகின்றன. பனிக்கட்டி கட்புலனாகும் ஒளியைப் பெரும்பாலும் கடந்துசெல்ல விட்டாலும், அகச்சிவப்புக் கதிரை நன்கு உறிஞ்சிச் சூடேறும்.

−5 பாகை ஏன்?

பனிக்கட்டி 0 பாகையில் உருகுமெனில் −1 பாகை போதாதா என்னும் வினா எழலாம். கூடம் முழுவதும் ஒரே வெப்பநிலை நிலவுவதில்லை. கதவருகிலும் விளக்கருகிலும் ஆட்கள் நிற்கும் இடத்திலும் வெப்பநிலை சில பாகைகள் கூடுதலாக இருக்கும். மேலும் 0 பாகைக்கு அருகில் பனிக்கட்டி மென்மையடைந்து, மேற்பரப்பில் ஈரம் கசியத் தொடங்கும். மறுபுறம் −15, −20 பாகை எனத் தாழ்த்தினால் மின்செலவு மிகும். விருந்தினரால் நெடுநேரம் நிற்கவும் இயலாது. பனிக்கட்டி கெடாமலும் மனிதர் வருந்தாமலும் இருக்கும் ஓர் இடைப்பட்ட அளவே −5 பாகை ஆகும்.

விருந்தினரின் வெப்பம்

ஓய்வாக இருக்கும் வளர்ந்த ஒருவரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. 40 பேர் நிற்கும் ஒரு கூடத்தில் இது 4 கிலோவாட் ஆகும். ஒரு மணி நேரத்தில் வெளியாகும் மொத்த வெப்பம் 14,400 கிலோ யூல்.

ஒரு கிலோகிராம் பனிக்கட்டியை −5 பாகையிலிருந்து 0 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 10.5 கிலோ யூல் போதும். 0 பாகையில் உள்ள அதே கட்டியை நீராக மாற்ற மேலும் 334 கிலோ யூல் தேவை. இது உருகுதலின் உள்ளுறை வெப்பம் எனப்படும். ஆக மொத்தம் 344.5 கிலோ யூல். இதன்படி, 40 விருந்தினரின் ஒரு மணி நேர வெப்பம் முழுவதும் பனிக்கட்டியைச் சென்றடைந்தால் சுமார் 42 கிலோகிராம் பனிக்கட்டி உருகிவிடும். அவ்வாறு நிகழாமல் இவ்வெப்பத்தை உடனுக்குடன் வெளியேற்றுவதே குளிரூட்டியின் முதன்மைப் பணியாகும்.

இக்கணக்கு மற்றொன்றையும் விளக்குகிறது. ஐந்து பாகைக் குளிர்ச்சி தரும் பாதுகாப்பு, மொத்தத்தில் 3 விழுக்காட்டளவே. பனிக்கட்டிக் கூடம் உடனே இடிந்துவிடாமல் நிற்பதற்குப் பெரிதும் துணைபுரிவது உள்ளுறை வெப்பமே. மின்சாரம் சிறிது நேரம் நின்றாலும் சுவர்கள் சட்டென்று உருகிவிடாது. ஆனால் மேற்பரப்பின் நுண்ணிய செதுக்கல்கள் கெட்டுவிடும்.

மூச்சுக்காற்றும் கருதத்தக்கது. ஒருவர் மணிக்குச் சில பத்து கிராம் நீரை ஆவியாக வெளிவிடுகிறார். கூட்டம் மிகுந்த நாளில் இந்நீராவி சுவர்களில் படிந்து, தெளிந்த பனிக்கட்டியை வெண்மையாக்கும். ஒரு நேரத்தில் உள்ளே அனுமதிக்கப்படுவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வருகை முறை

பெரும்பாலான கூடங்களில் நேரம் குறித்து முன்பதிவு செய்யவேண்டும். ஒரு குழுவினர் பொதுவாக 40 முதல் 45 நிமிடம் வரை உள்ளே இருக்கலாம். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பானமும் குளிர்காப்பு உடையும் அடங்கியிருப்பது வழக்கம்.

இடைவழி அறைக்கு முன் விருந்தினருக்குத் தலைமூடியுடன் கூடிய தடித்த மேலங்கியும் கையுறைகளும் தரப்படும். இவ்வங்கி குளிரிலிருந்து உடலைக் காப்பதோடு, உடலின் வெப்பம் கூடத்துக்குள் விரைந்து பரவுவதையும் தடுக்கிறது. கையுறையும் இவ்வாறே இரு வகையில் பயன்படுகிறது. வெறுங்கையை மேசைமீது சிறிது நேரம் வைத்தால் கை விறைப்பதோடு, மேசையில் கையின் வடிவத்தில் ஒரு பள்ளமும் விழும். இருக்கைகளில் கலைமான் தோலோ வேறு மென்மயிர்த் தோலோ விரிக்கப்பட்டிருக்கும். மயிர்களுக்கிடையே தங்கும் காற்று, அமர்பவருக்கும் பனிக்கட்டிக்கும் இடையே காப்பாகிறது.

பனிக்கட்டிக் குவளை

குவளைகள் பனிக்கட்டிப் பாளத்தில் குடைந்தோ அச்சில் நீரை உறையவைத்தோ செய்யப்படுகின்றன. தடித்த சுவருடன், பிடியின்றி, சதுரமாகவோ உருளையாகவோ இருக்கும். பயன்படுத்திய பின் கழுவவேண்டியதில்லை, உருகவிட்டால் போதும்.

இக்குவளையில் எல்லாப் பானங்களையும் ஊற்ற இயலாது. ஒரு நீர்மத்தில் மதுசாரத்தின் அளவு கூடக் கூட அதன் உறைநிலை தாழும். சாதாரண பியர் −2 பாகை அளவிலேயே உறையத் தொடங்குவதால் −5 பாகையில் கூழாகிவிடும். 40 விழுக்காடு மதுசாரம் கொண்ட வோட்கா சுமார் −27 பாகை வரை உறைவதில்லை. எனவே வோட்காவை அடிப்படையாகக் கொண்ட கலவைகள் இங்குப் பெரிதும் வழங்கப்படுகின்றன. மது கலவாத பழச்சாறு கேட்போருக்கு அது உடனுக்குடன் ஊற்றித் தரப்படும். தாமதித்தால் குவளையின் உட்சுவரில் ஒட்டி உறையத் தொடங்கும்.

மதுசாரம் மிகுந்த பானம் உறையாவிட்டாலும் குவளையைக் கரைக்கிறது. −5 பாகைக் குளிரிலும், அப்பானம் தொடும் உட்சுவர் சிறிது சிறிதாக உருகும். உருகுவதற்கான வெப்பம் பானத்திலிருந்தும் குவளையிலிருந்தும் எடுத்துக்கொள்ளப்படுவதால், பானம் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ச்சியடையக்கூடும். பனிக்கட்டியில் உப்பைச் சேர்த்து ஐஸ்கிரீம் உறையவைக்கும் பழைய முறையிலும் இதே கொள்கையே செயற்படுகிறது. எனவே மெதுவாக அருந்துபவரின் பானம் நேரம் செல்லச் செல்ல நீர்த்துப்போவதும், குவளையின் உட்புறம் அகன்றுபோவதும் இயல்பு.

குவளை மேசையில் எளிதாக வழுக்கும். காலால் அழுத்துவதால் பனிக்கட்டி உருகி வழுக்குகிறது என்னும் பழைய விளக்கம் முழுமையானதன்று. உருகுநிலைக்குக் கீழும் பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர்மத்தை ஒத்த மிக மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது; உராய்வின் வெப்பமும் இதனுடன் சேர்கிறது.

மதுவும் குளிரும்

குளிரில் மது அருந்தினால் உடல் சூடாகும் என்னும் நம்பிக்கை பல நாடுகளிலும் உள்ளது. ஆல்ப்சு மலையில் வழிதவறியோரை மீட்கும் சென் பெர்னார்டு நாயின் கழுத்தில் பிராந்திப் பீப்பாய் தொங்கும் படம் இந்நம்பிக்கைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஆங்கில ஓவியர் எட்வின் லாண்ட்சீர் 1820 இல் வரைந்த ஓவியமே இப்பீப்பாய்க் கதையைப் பரப்பியது.

உண்மையில் மது, தோலின் அடியிலுள்ள குருதிக் குழாய்களை விரிவடையச் செய்கிறது. உடலின் நடுப்பகுதியிலிருந்து சூடான குருதி தோலுக்குப் பாய்வதால், தோலில் உள்ள வெப்ப உணர்விகள் கதகதப்பை உணர்த்துகின்றன. அதே வேளையில் அவ்வெப்பம் வெளிக்காற்றுக்கு இழக்கப்பட்டு, உடலின் உள்வெப்பநிலை குறைகிறது. குளிரில் தோலின் குருதிக் குழாய்களைச் சுருக்கி வெப்பத்தைச் சேமிப்பது உடலின் இயற்கைத் தற்காப்பு. மது அதனைத் தளர்த்துவதோடு நடுக்கத்தையும் குறைக்கிறது. எனவே கதகதப்பாக இருக்கிறது என்னும் உணர்வு, வெப்பம் வெளியேறிக்கொண்டிருப்பதன் அறிகுறியே.

உடலின் உள்வெப்பநிலை 35 பாகைக்குக் கீழ் செல்வது தாழ்வெப்பநிலை எனப்படும். தகுந்த அங்கியுடன் 40 நிமிடம் கூடத்தில் நிற்கும் நலமான ஒருவருக்கு இந்நிலை ஏற்பட வாய்ப்புக் குறைவு. இடர் பெரும்பாலும் கூடத்துக்கு வெளியேதான் உள்ளது. சுவீடனின் வட பகுதியில் குளிர்கால இரவில் வெளியே −30 பாகை வரை இருக்கலாம். மதுக்கூடத்தின் அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கதகதப்பை நம்பி மெல்லிய உடையுடன் நடந்து செல்வதும், களைப்பால் வழியில் அமர்ந்துவிடுவதும் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். மது தீர்மானிக்கும் திறனையும் மங்கச் செய்வதால், ஆபத்தை உணர்வதும் தாமதமாகும். குளிர்நாடுகளில் தாழ்வெப்பநிலையால் நேரும் இறப்புகளில் மது அடிக்கடி ஒரு காரணியாகக் காணப்படுகிறது.

பயணிகள் கருத்தில் கொள்ள வேண்டியவை

- மேலங்கி முழங்கால் அளவுக்கே வரும். காலுறையும் மூடிய காலணியும் அணிந்து செல்வது நல்லது. குளிர் முதலில் உணரப்படுவது பாதங்களிலேயே.
- உலோகம் பனிக்கட்டியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பனிக்கட்டியின் வெப்பக் கடத்துத்திறன் அலகுகளில் சுமார் 2.2, அலுமினியத்தினது 200க்கும் மேல். எனவே கைப்பிடி, கம்பி முதலியவற்றை ஈரமான வெறுங்கையால் தொடாதிருத்தல் வேண்டும்.
- ஆசுத்துமா உள்ளோருக்குக் குளிர்ந்த வறண்ட காற்று மூச்சிரைப்பைத் தூண்டலாம். இதயநோய் உள்ளோரும், குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் இயல்புடையோரும் மருத்துவரிடம் கேட்டுச் செல்வது நலம்.
- செல்பேசி, ஒளிப்படக் கருவி ஆகியவற்றின் இலித்தியம் மின்கலங்கள் குளிரில் தற்காலிகமாகத் திறன் குறையும். உட்பைக்குள் உடலோடு ஒட்டி வைத்திருந்தால் இது குறையும்.
- வெளியே வந்தவுடன் மூக்குக் கண்ணாடியிலும் ஒளிப்படக் கருவியிலும் நீர் படியும். கருவியை உள்ளேயே ஒரு நெகிழிப் பையில் இட்டு மூடி, வெளியே வந்து அது வெப்பமடைந்த பின் திறந்தால், ஈரம் பையின் வெளிப்புறத்திலேயே படியும்.
- வாகனம் ஓட்டுவோர் அந்நாட்டுச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். இந்தியாவில் 100 மில்லிலீட்டர் குருதியில் 30 மில்லிகிராம் மதுசாரம் வரம்பாகும். சுவீடனில் இவ்வரம்பு 20 மில்லிகிராம். ஒரு குவளையே இவ்வரம்பைத் தாண்டப் போதுமானதாக இருக்கலாம்.
- மது அருந்தாதோருக்கும் பழச்சாறு வழங்கப்படும். சில கூடங்களில் பகல் வேளைகளில் பெரியோருடன் சிறுவரும் அனுமதிக்கப்படுவர்.

ஆற்றல் பயன்பாடும் விமரிசனமும்

ஒரே −5 பாகை, இடத்துக்கு இடம் வேறு பொருள் தருகிறது. யுக்காசியார்வியின் குளிர்காலத்தில் வெளியே −30 பாகை எனில், பனிக்கட்டிக் கூடம் சூழலைவிட 25 பாகை வெப்பமானது. அங்கு அது ஒரு புகலிடம். குளிரூட்டி தேவையில்லை. இசுடாக்கோமில் 20 பாகை வெப்பநிலையுள்ள கட்டடத்துக்குள் அமைந்த கூடம், சூழலைவிட 25 பாகை குளிர்ந்தது. வெளியே 45 பாகை நிலவும் நகரில் இவ்வேறுபாடு 50 பாகையாகிறது. காப்புச் சுவர் வழியாக உள்ளே கசியும் வெப்பம் வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அதே தடிப்புள்ள சுவரில் அது இரு மடங்காகும். கூடம் குளிரூட்டப்பட்ட வணிக வளாகத்துக்குள் இருந்தாலும், அவ்வெப்பம் இறுதியில் வெளிக்காற்றுக்கே தள்ளப்பட வேண்டும். இருமுறை குளிரூட்டும் செலவு வேறு. பொழுதுபோக்குக்காக இவ்வளவு மின்சாரம் செலவிடுவது தகுமா என்னும் விமரிசனம் இதனால் எழுகிறது.

2016 ஆம் ஆண்டு யுக்காசியார்வியில் ஆண்டு முழுவதும் இயங்கும் பனிக்கட்டிப் பகுதி ஒன்று திறக்கப்பட்டது. கோடையில் அதன் குளிரூட்டலுக்குச் சூரிய மின்கலங்கள் பயன்படுகின்றன. அவ்வூரில் கோடையில் பல வாரங்கள் நள்ளிரவிலும் கதிரவன் மறைவதில்லை. குளிரூட்டல் மிகுதியாகத் தேவைப்படும் பருவமும் வெயில் மிகுந்த பருவமும் ஒன்றாக அமைவது இம்முறைக்கு ஏற்றதாக உள்ளது.

ஆற்றின் நிலை

பனிக்கட்டியைத் தரும் தோர்னே ஆறு, சுவீடன்-பின்லாந்து எல்லை வழியாகப் பாய்ந்து போத்னியா வளைகுடாவில் கலக்கிறது. அதன் முகத்துவாரத்தில் உள்ள தோர்னியோ நகரில், ஒவ்வோர் ஆண்டும் வேனிலில் ஆற்றின் பனிக்கட்டி உடையும் நாள் 1693 முதல் குறித்துவைக்கப்பட்டு வருகிறது. உறைபனி பற்றி மனிதரிடம் உள்ள மிக நீண்ட பதிவுகளுள் இதுவும் ஒன்று. ஆற்றில் பனிக்கட்டி உடையும் நாள், 18 ஆம் நூற்றாண்டில் இருந்ததைவிட இப்போது முன்கூட்டியே வருவதை இப்பதிவு காட்டுகிறது.

கூடத்துக்குள் விருந்தினரின் வெப்பத்தை அங்கி, கையுறை, கால வரம்பு, எண்ணிக்கை வரம்பு ஆகியவற்றால் கட்டுப்படுத்த முடிகிறது. ஆனால் கூடம் உருவாவதற்கு அடிப்படையான பனிக்கட்டி திறந்த ஆற்றில் உறைகிறது. அங்கு உறையும் காலமும் தடிப்பும் தட்பவெப்பத்தைச் சார்ந்தவை. எனவே இயற்கைப் பனிக்கட்டியால் அமையும் மதுக்கூடங்களின் எதிர்காலம் அவற்றின் குளிரூட்டிகளை மட்டும் பொறுத்ததன்று. வட ஆறுகளின் குளிர்காலத்தையும் பொறுத்ததாகும்.